ஊடல் அன்று: சூசன் ரிச்சர்ட்ஸின் இரண்டு பிரிவுகள்

சென்ற பருவத்தில் மூன்றாமாண்டு மாணவர்களுக்கு அகத்திணை இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் பிரிவு. தலைவன் எந்தெந்தக் காரணங்களுக்காகத் தலைவியைப் பிரிந்து செல்லலாம் என்பதை நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. கல்விக்காகப் பிரியலாம், போருக்காகப் பிரியலாம், தூதின்பொருட்டுப் பிரியலாம், பொருளுக்காகப் பிரியலாம். பரத்தையை நாடியும் பிரிகிறான். போகிறவன் எப்போதும் தலைவன். தலைவி ஆற்றியிருப்பாள், இல்லையேல் ஊடுவாள். சினம் மிகுந்தால் வாயில் மறுப்பாள். வாயில் மறுக்கும்போதும் அவள் வீட்டுக்குள்ளேதான் நிற்கிறாள். வெளியே நிற்பவன் அவன். உடன்போக்கில் அவள் படி தாண்டுவது உண்மைதான். ஆனால் அது அவனோடு போவது. அவனை விட்டுப் போவதன்று.

கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, தலைவன் ஒரு தப்புச் செய்கிறான். தலைவிக்குச் செய்த தப்பு இல்லை, ஊருக்குச் செய்த தப்பு. அதைப் பொறுக்க முடியாமல் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டால், அது எந்தத் திணை?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, பெருந்திணையில் தேடிப் பார்ப்போம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் ஏறி வீடுவரை வந்துவிட்டது. அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது சங்கப் பாடல் எதுவும் அன்று; ஓர் அமெரிக்கப் படக்கதை. கணவன் செய்த காரியம் அறமன்று என்று கண்டு வீட்டைவிட்டு வெளியேறிய ஒரு மனைவி. அவள் வெளியேறியதால் உடைந்துபோன ஒரு சூப்பர் ஹீரோ அணி. அதுவும் ஒரு முறையன்று, இரண்டு முறை.

தமிழ் கற்பிக்கும் ஒருவன் காமிக்ஸைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும்தான் எங்களில் பலருக்கு முதல் நூலகம் என்பதை அவர்களுக்குப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் அந்தரத்தில் தெரியும் இரும்புக்கை மாயாவியை நான் போர்வைக்குள் ஒளிந்து வாசித்திருக்கிறேன். அந்த மாயாவிக்கு மனைவி, மக்கள் என்ற பேச்சே எழுந்ததாக நினைவில்லை. அவர் எதையும் செய்யுமுன் யாரையும் கேட்க வேண்டியதில்லை; செய்தபின் அவரை யாரும் கேட்பதுமில்லை. பிற்காலத்தில், மாயாவியைப் போலவே உடலை மறைத்துக்கொள்ளும் ஒரு பெண்ணை மார்வெல் நிறுவனத்தின் கதைகளில் சந்தித்தபோது வேறுபாடு உறைத்தது. இவளுக்குக் கணவன் இருந்தான், பிள்ளை இருந்தது, இருவரையும் பற்றிய கேள்விகளும் இருந்தன.

*

ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1961ஆம் ஆண்டு தொடங்கிய தொடர் ‘ஃபேன்டாஸ்டிக் ஃபோர்’. நான்கு பேர் அனுமதி பெறாமல் ஒரு விண்கலத்தில் ஏறிச் சென்று, அண்டக் கதிர்கள் தாக்கி, மாறிய உடல்களோடு பூமிக்குத் திரும்புகிறார்கள். ரீட் ரிச்சர்ட்ஸ் பெரும் விஞ்ஞானி. அவன் உடல் ரப்பரைப் போல நீளும். அவன் மணக்கவிருந்த சூசன் ஸ்டார்ம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் ஆற்றலைப் பெறுகிறாள். அவள் தம்பி ஜானி தீப்பிழம்பாக மாறிப் பறக்கிறான். ரீட்டின் கல்லூரித் தோழனும் விண்கலத்தை ஓட்டியவனுமான பென் கிரிம் பாறை போன்ற உடலில் சிக்கிக்கொண்டு, பழைய உருவத்துக்குத் திரும்ப முடியாமல் தவிக்கிறான்.

அக்காலத்துச் சூப்பர் ஹீரோக்களிடமிருந்து இந்த நால்வரைப் பிரித்துக் காட்டியது அவர்களுடைய ஆற்றல் அன்று, அவர்களுடைய வாழ்க்கைமுறை. முகமூடி இல்லை, மறைவுப் பெயர் இல்லை. நியூயார்க் நகரத்து மன்ஹாட்டனில் ஒரு கட்டடத்தின் மேல்தளங்களில் ஒன்றாக வசித்தார்கள். ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருமுறை கையில் காசில்லாமல் திவாலாகவும் ஆனார்கள். 1965ஆம் ஆண்டு மலரில் ரீட்டுக்கும் சூசனுக்கும் திருமணம் நடந்தது. 1968ஆம் ஆண்டு மலரில் ஃபிராங்க்ளின் பிறந்தான். சுருங்கச் சொன்னால், இது அணி என்ற பெயரில் நடந்த ஒரு கூட்டுக் குடும்பம்.

கதையின் இனிமை அங்கேதான் இருக்கிறது. அதன் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அணியின் தலைவனே வீட்டின் தலைவனாகவும் இருக்கிறான். ஜானி அவனோடு முரண்பட்டால் அது அத்தானோடு சண்டை. பென் முரண்பட்டால் அது நண்பர்களுக்குள் மனத்தாங்கல். சூசன் முரண்பட்டால் அது புருஷன் பெண்டாட்டிச் சண்டை. எந்த முரண்பாட்டுக்கும் முரண்பாடு என்ற பெயர் கிடைப்பதில்லை. உறவின் பெயர்தான் கிடைக்கிறது. திருமணமாகிப் பிள்ளை பெற்ற பின்னரும் அணியில் அவள் பெயர் ‘மறையும் பெண்பிள்ளை’ என்று பொருள்படும் ‘இன்விசிபிள் கேர்ள்’ என்பதாகவே நீடித்தது. ஜான் பைர்ன் எழுதி வரைந்த காலத்தில், 1985ஆம் ஆண்டில்தான், அவள் ‘இன்விசிபிள் உமன்’ ஆனாள். கதை தொடங்கி இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

*

முதல் பிரிவு 1973இல் நிகழ்ந்தது. அதை இரண்டு படிகளாகப் பார்க்க வேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில் சூசன் மகனை அழைத்துக்கொண்டு கணவனை விட்டு விலகுகிறாள். ரீட் எப்போதும் ஆய்வுக்கூடத்தில் கிடக்கிறான், மனைவி மக்களை நினைப்பதில்லை என்பது அவள் வழக்கு. அணியில் அவள் இடத்துக்கு மெடூசா என்னும் வேறொரு வீராங்கனை வருகிறாள். இதுவரை நடந்ததை நம் இலக்கணம் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளும். மருதத்துத் தலைவிக்குப் பரத்தை எப்படியோ, சூசனுக்கு ஆய்வுக்கூடம் அப்படி. இது ஊடல்.

அடுத்த படி அவ்வாண்டின் இறுதியில், 141ஆம் இதழில் வருகிறது. கதை ஜெரி கான்வே, ஓவியம் ஜான் புசேமா. அனைஹிலஸ் என்னும் பகைவனின் சூழ்ச்சியால் சிறுவன் ஃபிராங்க்ளினுக்குள் உறங்கிக் கிடந்த ஆற்றல் கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகிறது. அது வெடித்தால் உலகமே அழியும் என்று ரீட் கணிக்கிறான். உடனே தான் உருவாக்கிய ஆயுதத்தை எடுத்து மகன்மீது பாய்ச்சுகிறான். பிள்ளை சாகவில்லை, ஆனால் அவன் மனம் அணைந்துபோகிறது. கண் திறவாத மயக்கத்தில் தாயின் கைகளில் கிடக்கிறான். சூசன் முற்றாகப் பிரிகிறாள். ஜானியும் பென்னும் ரீட்டைக் கைவிடுகிறார்கள். நால்வரின் முடிவு என்று அந்த இதழின் அட்டை அறிவித்தது. அவ்வகையில் அது விளம்பர வெற்றுரையாக இல்லை. அணி உண்மையிலேயே இல்லாமல் போயிற்று.

ரீட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. அவன் கணக்கு தவறென்று கதை எங்கும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை ஒரு தட்டில், உலகம் மறு தட்டில். நேரமோ நொடிக்கணக்கில். அவனும் அந்தப் பிள்ளையின் தகப்பன்தான். அவனுக்கும் கை நடுங்காமல் இருந்திருக்காது. ஆயினும் பக்கங்களைப் புரட்டும் வாசகனின் நெஞ்சில் தைப்பது கணக்கின் சரி தவறு அன்று. தாய் அருகிலேயே நிற்கிறாள். அவளிடம் ஒரு சொல் கேட்காமல் அவன் ஆயுதத்தை உயர்த்துகிறான். அந்த நொடியில் அவள் உண்மையிலேயே மறைந்துபோகிறாள். தன் ஆற்றலால் அன்று, அவன் பார்வையால்.

இந்த மாபெரும் கேள்வியைக் கதை எப்படி முடித்துவைத்தது? 1974இல் விவாகரத்துத் தாள்கள்கூட ரீட்டின் கைக்கு வந்துவிடுகின்றன. அப்போது கடலரசன் நேமோர் நிலவுலகத்தின்மீது படையெடுக்கிறான். சூசன் அவன் பக்கம் நிற்பதுபோல் தோன்றுகிறது. ரீட் உயிரைப் பொருட்படுத்தாமல் போராடுகிறான், சூசன் மனம் இளகுகிறாள், இருவரும் சேர்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அந்தப் படையெடுப்பே இவர்களைச் சேர்த்துவைக்க நேமோர் நடத்திய நாடகம் என்று. மயங்கிக் கிடந்த மகனோ அடுத்த இதழில், 150ஆம் இதழில், வேறொரு திருமண நிகழ்ச்சிக்குள் புகுந்து தாக்கிய அல்ட்ரான் என்னும் இயந்திர அரக்கன் முன்னிலையில் விழித்தெழுகிறான். அடைபட்ட ஆற்றல் வெளிப்பட்டு அரக்கனும் அழிகிறான். எல்லாம் சுபம்.

இங்கே நடந்திருப்பதைச் சற்று நின்று பார்க்கலாம். மனைவி திரும்பி வந்தது ஒரு நாடகத்தால். மகன் திரும்பி வந்தது ஒரு தற்செயலால். ரீட் செய்ததற்கு அவன் எந்த விலையும் கொடுக்கவில்லை; எந்தக் கேள்விக்கும் விடை சொல்லவில்லை. அறம் பற்றிய வழக்காக வளர்ந்த ஒன்றைக் கதை மறுபடியும் ஊடலாகச் சுருக்கி, ஊடல் முடிய வேண்டிய இடத்தில் முடித்துவிட்டது. நமக்கு இது புதிதன்று. ஆயிரத்து முந்நூற்று முப்பது குறள்களில் அறமும் பொருளும் இன்பமும் பேசிய நூலே ‘ஊடலுவகை’ என்ற அதிகாரத்தில்தான் நிறைவுறுகிறது. ஊடல் என்று பெயர் வைத்துவிட்டால் கூடல் அதற்குள்ளேயே இருக்கிறது. பெயர் வைக்கும்போதே தீர்ப்பும் எழுதியாயிற்று.

*

இரண்டாம் பிரிவு 2006இல். ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ என்ற 2016ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். அதில் இந்த நால்வர் இல்லை. அவர்களுடைய திரைப்பட உரிமை அப்போது வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே மூலக் கதையின் நடுவே இருந்த கணவன் மனைவி வழக்கும் படத்தில் இல்லை. என் கருத்தில் அதுவே மூலக் கதையின் உயிர்ப்பகுதி.

மார்க் மில்லர் எழுத, ஸ்டீவ் மெக்நிவன் வரைய, ஏழு இதழ்களாக 2006இலும் 2007இலும் வெளிவந்த தொடர் அது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகக் குற்றவாளிகளைப் பிடிக்கப்போன இளம் சூப்பர் ஹீரோக்களின் கவனக்குறைவால், ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அருகே பெருவெடிப்பு நிகழ்கிறது. குழந்தைகள் உட்பட அறுநூறுக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். மக்கள் கொதித்தெழுகிறார்கள். ஆற்றல் உடையோர் அனைவரும் தம் அடையாளத்தை அரசிடம் பதிவுசெய்து, பயிற்சி பெற்று, அரசின் ஊழியராகப் பணியாற்ற வேண்டும் என்று சட்டம் வருகிறது. அயர்ன் மேன் என்னும் டோனி ஸ்டார்க் சட்டத்தை ஆதரிக்கிறான். கேப்டன் அமெரிக்கா எதிர்க்கிறான். ரீட் ரிச்சர்ட்ஸ் ஸ்டார்க்கின் பக்கம்.

பதிவுசெய்ய மறுப்பவர்களுக்காக ‘நெகட்டிவ் ஸோன்’ என்ற வேற்றுவெளியில் ஒரு சிறைச்சாலை எழுகிறது. அதற்கு 42 என்று பெயர். உலகைத் திருத்த ஸ்டார்க்கும் ரீட்டும் ஹாங்க் பிம்மும் போட்ட பட்டியலில் நாற்பத்திரண்டாவது யோசனை அது. எந்த நாட்டுச் சட்டமும் எட்டாத இடத்தில், விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் சிறை. 2002இல் குவாண்டனாமோவில் அமெரிக்கா திறந்த சிறைமுகாமைப் பற்றி அன்றாடம் செய்தி படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. இவற்றோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. அப்போது உலகில் இல்லாத இடிக்கடவுள் தோரின் குளோன் ஒன்றை அந்த மூவரும் உருவாக்குகிறார்கள். போரில் இறக்கிவிடப்பட்ட அந்தக் குளோன் கட்டுப்பாட்டை மீறி, எதிரணியில் நின்ற பில் ஃபோஸ்டரை மின்னலால் துளைத்துக் கொன்றுவிடுகிறது.

பில் ஃபோஸ்டர் வில்லன் அல்லன். 1966 முதல் மார்வெல் கதைகளில் இருந்துவந்த கறுப்பின விஞ்ஞானி. பேருருவம் எடுக்கும் கோலியாத். அவர்களோடு தோளோடு தோள் நின்றவன். செத்த பின்னும் அவன் உருவம் சுருங்கவில்லை. அந்தப் பேருடலைப் புதைக்கப் பல கல்லறை மனைகளைச் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. தவற்றின் அளவை இதைவிடத் துலக்கமாக ஒரு படக்கதை காட்ட முடியாது என்பேன்.

குளோன் அடுத்த அடியை ஓங்கும்போது சூசன் குறுக்கே வருகிறாள். கண்ணுக்குத் தெரியாத அரணை எழுப்பி, எதிரணியினரைக் காக்கிறாள். அவர்கள் தப்பிச் செல்ல வழிவிடுகிறாள். கணவனின் கருவிக்கு எதிராக மனைவியின் ஆற்றல். அந்த நான்காம் இதழ் முடியும்போது ரீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள். குழந்தைகளை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு, தம்பியோடு சேர்ந்து சட்டத்தை எதிர்ப்பவர்களின் பக்கம் சேர்கிறாள். பென் கிரிம்மோ எந்தப் பக்கமும் சேர மனமில்லாமல் பாரிஸ் நகரத்துக்குப் போய்விடுகிறான். மூன்று திசைகளில் நான்கு பேர்.

1973ஐவிட இது ஒரு படி மேலே நிற்கும் கதை. ஏனெனில் இம்முறை அவள் போவதற்கான காரணம் அவளுக்கு இழைக்கப்பட்ட தீங்கு அன்று. ரீட் அவளை அடிக்கவில்லை, மறக்கவில்லை, வேறொருத்தியை நாடவில்லை. அவள் பிள்ளைக்கும் தீங்கில்லை. செத்தது வேறொரு வீட்டுப் பிள்ளை. என் மாணவி கேட்டாளே, தலைவிக்குச் செய்த தப்பு இல்லை, ஊருக்குச் செய்த தப்பு என்று, சரியாக அதுதான்.

*

இத்தனை தூரம் வந்த கதை எப்படி முடிந்தது என்பதையும் பார்த்துவிடலாம். ஏழாம் இதழின் இறுதிப் போரில் ஒருவன் சூசனைக் குறிவைத்துச் சுடுகிறான். ரீட் குறுக்கே பாய்ந்து குண்டைத் தன் உடலில் வாங்கிக்கொள்கிறான். கேப்டன் அமெரிக்கா சரணடைகிறான். ரீட் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். அவள் திரும்பி வருகிறாள். இருவரும் தங்கள் உறவைச் செப்பனிட, சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனுக்கு இரண்டாம் தேனிலவு போகிறார்கள். அணியில் அவர்கள் இடத்தைச் சிறிது காலம் பிளாக் பாந்தரும் அவன் மனைவி ஸ்டார்மும் நிரப்புகிறார்கள்.

மறுபடியும் அதே கதைதான். 1974இல் நாடகப் போர், 2007இல் துப்பாக்கிக் குண்டு. இரண்டு முறையும் ரீட் தன் வீரத்தைக் காட்டுகிறான். தன் அன்பைக் காட்டுகிறான். அவன் வீரத்தையோ அன்பையோ யாரும் ஐயப்படவே இல்லையே! சூசன் வெளியேறும்போது நீ கோழை என்று சொல்லவில்லை. என்னை நேசிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நீ செய்தது தவறு என்றாள். அந்த வழக்குக்குக் குண்டடி பட்ட உடல் எப்படி விடையாகும்? உனக்காக உயிரையும் கொடுப்பேன் என்பது காதலுக்குச் சான்று. ஃபோஸ்டரின் சாவுக்கு அது பதில் அன்று.

மாதந்தோறும் வெளிவர வேண்டிய தொடர், நால்வரும் சேராமல் எப்படி நடக்கும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். வணிக நியாயம் எனக்கும் புரிகிறது. அவர்கள் திரும்பிச் சேர வேண்டும் என்பது பதிப்பகத்தின் கட்டாயமாக இருக்கலாம். ஆனால் என்ன விலை கொடுத்துச் சேர்வது என்பது எழுதுகிறவனின் கையில் இருக்கிறது. ரீட் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், சூசன் எதிரில் உட்கார்ந்து அவள் கேட்கக் கேட்க விடை சொல்லியிருந்தால் போதும். குண்டு பாய்வதைவிட அது வரைவதற்குக் கடினமான காட்சிதான்.

ஓர் ஒப்பீடு இதை இன்னும் தெளிவாக்கும். அதே மார்வெலின் ‘அவெஞ்சர்ஸ்’ தொடரில், 1981ஆம் ஆண்டு 213ஆம் இதழில், மேலே சொன்ன ஹாங்க் பிம், தாக்குதலை நிறுத்திவிட்ட எதிரியைச் சுட்டதற்காகச் சக உறுப்பினர்களின் விசாரணைக்கு உள்ளாகிறான். விசாரணையில் நல்ல பெயர் வாங்க ஒரு சூழ்ச்சி செய்ய முனைகிறான். தடுக்கப்போன மனைவி ஜேனட்டை அறைகிறான். அவன் அணியிலிருந்து நீக்கப்படுகிறான், மணவிலக்கும் நிகழ்கிறது. அடுத்த ஆண்டே ஜேனட் அந்த அணியின் தலைவி ஆகிறாள். கதையைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அங்கே விசாரணை என்று ஒன்று இருந்தது. உறுப்பினர் என்ற தகுதியும் மனைவி என்ற உறவும் தனித்தனியாக இருந்தன. ஜேனட் மணவாழ்விலிருந்து வெளியேறியும் அணிக்குள் நிலைத்திருக்க முடிந்தது.

சூசனுக்கு அந்த வழி இல்லை. அவள் அணி ஒரு குடும்பம். குடும்பத்துக்குள் தீர்மானம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, ராஜினாமா இல்லை. தலைவனின் முடிவை ஏற்கவில்லை என்று சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே மொழி, திருமணத்தை முறித்துக்கொள்வது. அதனாலேயே அவள் மறுப்பு முழுவதும் மண வாழ்வின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. மனைவி சமாதானமாகிவிட்டால் மறுப்பும் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. இந்தக் கதைகளின் குறை என்று நான் காண்பது இதுதான். ஆற்றல் மிக்க ஒரு பெண்ணின் அறத் தீர்ப்பை, சினங்கொண்ட ஒரு மனைவியின் மனநிலையாக மாற்றிவிடுகிறார்கள்.

*

பிறர் எழுதிய கதையில் குறை காண்பது எளிது. என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் ஓர் உறுப்பினனாக இருந்தேன். ஒரு கலவரத்துக்குப் பிறகு, கலவரத்தில் அவன் பங்கு என்ன என்று திட்டமாகத் தெரியாத ஒரு மாணவனையும் சேர்த்து நீக்குவதென்று முடிவாயிற்று. எல்லோருக்கும் ஒரு பாடமாக இருக்கும், நிறுவனம் அமைதியாக நடக்கும், ஆயிரம் பேருக்காக ஒருவன் என்று பேசினோம். நானும் கையெழுத்திட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் அந்த மாணவனைப் பார்த்ததுகூட இல்லை. “அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார். நான் குழுவின் சிரமங்களை விளக்கினேன். அவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அதன்பின் நான்கைந்து நாள் எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிற்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மல்லிகைப்பூ வாங்கிவந்தேன். கோயிலுக்குப் போய்வரலாமா என்று கேட்டேன். அவர் பூவை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்: “நீங்க நான் கோவமா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. எனக்குக் கோவம் இல்லை. நீங்க செஞ்சது சரியில்லைன்னு சொல்றேன்.”

அந்தச் சொற்களின் பொருள் அன்று எனக்கு முழுதும் ஏறவில்லை. பதினைந்து ஆண்டுகளாக ஊடல் இலக்கணம் நடத்துகிறவன்; ஊடலுக்குப் பூ மருந்து என்று அறிந்தவன். என் மனைவி என்மீது ஒரு வழக்குத் தொடுத்திருந்தார். நான் அதை ஊடல் என்று வாசித்துப் பூ வாங்கிவந்துவிட்டேன். அந்த மாணவன் பிறகு எங்கே படித்தான், என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை. ரீட் ரிச்சர்ட்ஸைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாக எழுதுவதாகத் தோன்றினால், அதற்குக் காரணம் எனக்கு அவனை நன்றாகத் தெரியும் என்பதுதான்.

*

2025ஆம் ஆண்டு மாட் ஷக்மன் இயக்கத்தில் வெளிவந்த ‘தி ஃபேன்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ திரைப்படத்தில் இந்தப் பழைய கேள்வி மறுபடியும் வருகிறது. கோள்களை விழுங்கும் கலாக்டஸ், பிறக்கவிருக்கும் குழந்தையைத் தந்துவிட்டால் பூமியை விட்டுவிடுகிறேன் என்கிறான். மறுபடியும் பிள்ளை ஒரு தட்டில், உலகம் மறு தட்டில். பெற்றோர் மறுக்கிறார்கள், மக்கள் அவர்கள்மேல் சினம் கொள்கிறார்கள். ரீட்டின் மூளை கணக்குப் போடாமல் இருக்க முடியாது; குழந்தையைக் கொடுப்பது என்ற வழியையும் அது எண்ணிப் பார்த்துவிட்டது. ஆனால் இந்த ரீட் அதை மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அவள் துடித்துப்போகிறாள், சினக்கிறாள். இருந்தும் அவர்கள் பிரியவில்லை. கைக்குழந்தையோடு மக்கள் முன்னே போய் நின்று பேசுகிறவளும் அவளே.

படம் முழுவதும் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஓரிடத்தில், முந்தைய இரண்டு கதைகளும் தவறவிட்டதை அது பிடித்துவிட்டது. 1973இன் ரீட் செய்துமுடித்த பின்பே மனைவி அறிகிறாள். 2006இன் ரீட் ஒருவன் செத்த பின்பே மனைவியிடம் சிக்குகிறான். இந்த ரீட், மிகக் கொடிய எண்ணம் எண்ணமாக இருக்கும்போதே அவள் முன்னே வைக்கிறான். அவள் மறுப்பதற்கு அவளுக்கு வீட்டைவிட்டுப் போக வேண்டிய தேவை நேரவில்லை. செயலுக்கு முன்னே கேட்கப்பட்ட சொல்லுக்கும், செயலுக்குப் பின்னே எழுதிவைக்கப்பட்ட கடிதத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

அடுத்த வகுப்பில் மாணவியிடம், நீ கேட்ட பிரிவுக்கு நம் இலக்கணத்தில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். சூசனின் கதையையும் சொன்னேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு அவர் கேட்டார்: “அப்படியென்றால் இத்தனை காலமும் அப்படிப் போனவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் ஐயா?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, “வாயாடின்னு” என்றார்.